சீரற்ற மேகங்களும் சிதறும் கதிரொளியும்

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். மழை தரும் காரணத்தால் மேகத்துக்கு அந்தப் பெருமை கிடைத்தது. ஆனால் மழை பொழிவதைத் தவிர மேகத்துக்கு மற்றொரு தொழிலும் உண்டு. கதிரவனிடமிருந்து வரும் ஒளியில் ஒரு பகுதியை அது விண்வெளிக்கே திருப்பி அனுப்பி விடுகிறது. புவியின் வெப்பநிலை இன்றுள்ள அளவில் இருப்பதற்கு இந்தத் தொழிலும் ஒரு காரணம். மேகம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அதனை எவ்வாறு அளப்பது, மேகம் சமமாக இல்லாமல் மேடும் பள்ளமுமாக இருந்தால் அந்த அளவீடு என்ன ஆகும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வரவும் செலவும்

ஒரு குடும்பத்துக்கு வரவு செலவுக் கணக்கு இருப்பது போலவே புவிக்கும் உண்டு. கதிரவனுக்கு நேர் எதிரே, வளிமண்டலத்துக்கு வெளியே, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1361 வாட் ஆற்றல் விழுகிறது. புவி உருண்டை வடிவானது. அதன் பாதிப் பகுதி எப்போதும் இரவில் இருக்கிறது. எனவே புவிப்பரப்பு முழுமைக்கும் பங்கிட்டால் சதுர மீட்டருக்கு 340 வாட் கிடைக்கும். இதில் ஏறத்தாழ 100 வாட் எதிரொளிக்கப்பட்டு விண்வெளிக்குத் திரும்பி விடுகிறது. எஞ்சியதே நம்மைச் சூடாக்கும் வரவு.

திரும்பிச் செல்லும் அந்த 100 வாட்டில் கிட்டத்தட்டப் பாதி மேகங்களின் செயலாகும். எந்த நேரத்தில் பார்த்தாலும் புவிப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மேகம் மூடியிருக்கிறது. மேகமே இல்லாவிட்டால் திரும்பிச் செல்லும் ஒளி 45 முதல் 50 வாட் வரை குறைந்துவிடும். மேகங்கள் புவியிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிர்களைத் தடுத்து நிறுத்தவும் செய்கின்றன. அவ்வகையில் 25 முதல் 30 வாட் வரை மிச்சப்படுத்தித் தருகின்றன. இரண்டையும் கழித்துப் பார்த்தால் மேகங்களால் புவிக்குக் கிடைப்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 வாட் குளிர்ச்சி.

இதனோடு மற்றோர் எண்ணையும் ஒப்பிட வேண்டும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் அளவு இரு மடங்கானால் அதனால் ஏற்படும் வெப்பமூட்டல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4 வாட். மேகங்களின் எதிரொளிப்பைக் கணக்கிடுவதில் பத்து விழுக்காடு பிழை செய்தாலே அது இந்த 4 வாட்டை விழுங்கிவிடும். 2021-இல் வெளியான பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் ஆறாம் அறிக்கையும், எதிர்கால வெப்பநிலை பற்றிய கணிப்பில் மேகங்களின் எதிர்விளைவே மிகப் பெரிய ஐயப்பாடு என்று கூறுகிறது. ஆதலின் மேகத்தின் வெண்மையை அளப்பது வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சி அன்று.

மேகம் ஏன் வெண்மையாக இருக்கிறது?

மேகம் என்பது ஆவி அன்று. மிக நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். ஒரு துளியின் ஆரம் பெரும்பாலும் 10 மைக்ரான் அளவில் இருக்கும். நீர்த்துளி கண்ணுக்குப் புலனாகும் ஒளியை ஏறக்குறைய உட்கவர்வதே இல்லை. சிதறடிக்க மட்டுமே செய்கிறது. எல்லா நிறங்களையும் ஒரே அளவில் சிதறடிப்பதால் மேகம் வெண்மையாகத் தோன்றுகிறது. ஒரு துளியில் பட்ட ஒளி பெரும்பாலும் முன்னோக்கியே செல்லும். ஆனால் துளிக்குத் துளி மோதி, பல முறை திசை மாறிய பின், அதில் ஒரு பகுதி மேல்பக்கமாக வெளியேறுகிறது. மறு பகுதி கீழே வருகிறது.

இங்கு ஒரு வேடிக்கை உண்டு. நாம் கருமேகம் என்று சொல்வது கீழிருந்து பார்ப்பதால்தான். தடித்த மேகம் ஒளியை மேலேயே திருப்பி விடுவதால் அதன் அடிப்புறம் இருண்டு காண்கிறது. அதே மேகத்தை மேலிருந்து நோக்கும் செயற்கைக்கோளுக்கு அதுதான் மிக வெண்மையான மேகம்!

மேகத்தின் வழியே செல்லும் ஒளி எத்தனை தடைகளைச் சந்திக்கிறது என்பதைக் குறிக்கும் எண்ணுக்கு ஒளியியல் தடிமன் என்று பெயர். துளிகளின் பருமன் மாறாதிருந்தால், மேகத்திலுள்ள நீரின் அளவு இரட்டிக்கும்போது இதுவும் இரட்டிக்கும். ஒளியியல் தடிமனை 'த' என்றும், எதிரொளிக்கப்படும் பங்கினை 'எ' என்றும் கொண்டால், நீர்மேகங்களுக்குத் தோராயமாகப் பொருந்தும் எளிய வாய்பாடு ஒன்று உண்டு:

எ = த / (த + 7.7)

த-வின் மதிப்பு 5 எனில் எ 39 விழுக்காடு. த 10 ஆனால் 57 விழுக்காடு. 20 ஆனால் 72. 40 ஆனால் 84. தடிமன் ஒவ்வொரு முறையும் இரட்டிக்கிறது. எதிரொளிப்போ முதலில் 18 புள்ளிகளும், பின்னர் 15-உம், பின்னர் 12-உம்தான் கூடுகிறது. சேர்க்கும் நீருக்குக் கிடைக்கும் பலன் வரவரக் குறைகிறது.

என் தந்தையார் வெள்ளையடிக்கும் தொழிலாளி. பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் நானும் அவருடன் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு செல்வதுண்டு. புகை படிந்த சமையலறைச் சுவரில் முதல் பூச்சு அடித்துக் காய்ந்ததும் அறையே வேறாகிவிடும். இரண்டாம் பூச்சில் ஓரளவு வேறுபாடு தெரியும். மூன்றாவது பூச்சு அடித்தோமா இல்லையா என்று வீட்டுக்காரருக்கே ஐயம் வரும். ஒரே இடத்தில் மட்டையை அழுத்தித் தேய்த்தால், "அங்கே கொட்டுகிற சுண்ணாம்பு இங்கே குறையுமடா" என்பார் தந்தையார். ஒரு வாளிச் சுண்ணாம்பைச் சமமாகப் பரப்பினால் சுவர் முழுதும் வெளுக்கும். திட்டுத் திட்டாக அப்பினால் மொத்தத்தில் சுவர் மங்கித்தான் தெரியும். மேற்கண்ட வாய்பாட்டை வகுப்பறைக்கு வெளியே ஒரு நூலில் முதன்முதலாகக் கண்டபோது, எங்கள் வீட்டுத் தொழில் எண்ணாக எழுதப்பட்டிருப்பது போலவே எனக்குத் தோன்றியது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இயற்பியல் எங்கிருந்தோ வந்த பொருள் அன்று என்று அன்று உணர்ந்தேன்.

சராசரி செய்யும் ஏமாற்று

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று மேகப் பரப்புகளை எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் சராசரி ஒளியியல் தடிமன் 10; அதாவது மூன்றிலும் நீரின் அளவு ஒன்றே.

முதல் மேகம் பாய் விரித்தாற்போல் எங்கும் சமமானது. அதன் எதிரொளிப்பு 57 விழுக்காடு.

இரண்டாவது மேகத்தில் பாதிப் பரப்பின் தடிமன் 2. மறு பாதியின் தடிமன் 18. முதற்பாதி 21 விழுக்காட்டையும், மறு பாதி 70 விழுக்காட்டையும் எதிரொளிக்கும். சராசரி 45 விழுக்காடு.

மூன்றாவதில் பாதி வெறும் வானம். மறு பாதியில் தடிமன் 20. எதிரொளிப்பு 36 விழுக்காடு மட்டுமே.

நீர் ஒன்றே, ஒளி மட்டும் 57, 45, 36 என்று இறங்குகிறது. சராசரித் தடிமனுக்கு எதிரொளிப்பைக் கணக்கிடுவதும், எதிரொளிப்புகளின் சராசரியைக் காண்பதும் ஒன்றாகா. முன்னது எப்போதும் மிகையாகவே இருக்கும். வாய்பாட்டின் வளைகோடு மேல்நோக்கிக் குவிந்திருப்பதே இதற்குக் காரணம்.

நெடுங்காலமாகக் கணிப்பொறி மாதிரிகள் மேகத்தைச் சமமான பலகை போலவே கருதி வந்தன. கணக்கு எளிது என்பதே காரணம். நாசாவைச் சேர்ந்த ராபர்ட் கஹலன் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1994-இல் இதனைச் சோதித்து வெளியிட்டனர். 1987-இல் கலிபோர்னியக் கடற்கரைக்கு அப்பாலுள்ள சான் நிக்கோலஸ் தீவில் அளக்கப்பட்ட அடுக்குத்திரள் மேகங்களின் நீரளவை அவர்கள் எடுத்துக்கொண்டனர். இவை கடலின் மேல் கம்பளம் போல் பரந்து கிடப்பவை, பார்வைக்குச் சமமானவை. அவற்றிலேயே கூட, பலகையெனக் கொண்டு கணக்கிட்டால் எதிரொளிப்பு ஏறத்தாழ 15 விழுக்காடு மிகையாக வந்தது. பலகை போன்ற மேகத்துக்கே இந்த நிலை என்றால், வங்கக் கடலில் ஐப்பசி, கார்த்திகையில் கோபுரங்களாக எழும் திரள் மேகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இதனைத் திருத்தச் சில வானிலை மாதிரிகள் மேகத்தின் தடிமனை 0.7 ஆல் பெருக்கிக் குறைத்துக்கொண்டன. ஒரே எண்ணால் உலகத்து மேகங்களை எல்லாம் திருத்துவது பொருந்தாது அல்லவா? 2003-இல் பிங்கஸ், பார்க்கர், மோர்க்ரெட் ஆகியோர் வேறொரு வழி கண்டனர். மாதிரியின் ஒரு கட்டத்துக்குள் தடித்தும் மெலிந்தும் உள்ள பல மேகத் தூண்களைக் கற்பனை செய்துகொள்வது. ஒவ்வொரு அலைநீளக் கணக்குக்கும் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் ஒரு தூணைத் தேர்ந்தெடுப்பது. தனித்தனிச் சீட்டில் பிழை இருந்தாலும், பல சீட்டுகளின் முடிவில் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்.

விண்ணிலிருந்து அளத்தல்

ஒரு பொருளைத் தொடாமல், அதிலிருந்து வரும் கதிர்களைக் கொண்டே அதன் தன்மையை அறிவது தொலையுணர்வு எனப்படும். புவியின் வரவு செலவை விண்ணிலிருந்து முதன்முதலில் அளந்தவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெர்னர் சுவோமி. 1959 அக்டோபரில் ஏவப்பட்ட எக்ஸ்புளோரர் 7 என்ற செயற்கைக்கோளில், கறுப்பும் வெள்ளையும் பூசிய சிறு அரைக்கோளங்களை அவர் பொருத்தினார். இரண்டும் அடையும் வெப்பநிலைகளை ஒப்பிட்டு, எதிரொளிக்கும் ஒளியையும் வெளியேறும் வெப்பத்தையும் பிரித்தறிந்தார். கருவி எவ்வளவு எளியது பாருங்கள்! அதன் பின்னர் 1978-இல் நிம்பஸ் 7, 1984-இல் புவிக் கதிர்வீச்சு வரவு செலவுச் செயற்கைக்கோள், 1997 முதல் செரஸ் என்னும் கருவித் தொடர் என்று இப்பணி வளர்ந்தது.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. இந்தியாவும் பிரான்சும் இணைந்து உருவாக்கிய மேகா டிராபிக்ஸ் செயற்கைக்கோள் 2011 அக்டோபர் 12-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதிலிருந்த ஸ்காரப் என்னும் கருவி, வெப்ப மண்டலத்து மேகங்கள் திருப்பும் ஒளியையும் தடுக்கும் வெப்பத்தையும் அளந்தது. பணி முடிந்த அச்செயற்கைக்கோள் 2023 மார்ச் 7-இல் பசிபிக் பெருங்கடலின் மேல் கட்டுப்பாட்டுடன் வீழ்த்தப்பட்டது.

எனினும் ஓர் அடிப்படை இடர்ப்பாடு உண்டு. மேகம் ஒளியை எல்லாத் திசைகளிலும் வீசுகிறது. செயற்கைக்கோளோ ஒரு நேரத்தில் ஒரு திசையில் வரும் ஒளியை மட்டுமே காண்கிறது. அந்த ஒரு திசையை வைத்து மொத்தத்தையும் ஊகிக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவர் எனில் கவலை இல்லை. எப்பக்கம் நின்று பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே வெண்மை. சீரற்ற மேகம் அப்படிப்பட்டதன்று. காலை வெயிலில் ஒரு வைக்கோற்போரைக் கிழக்கே நின்று பார்த்தால் பொன்னிறம். மேற்கே நின்று பார்த்தால் நிழல். மேகக் குவியலும் அவ்வாறே.

இதற்கு விடையாக வந்ததே பல கோண நோக்கு முறை. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளில் மிஸர் என்னும் கருவி இடம் பெற்றது. அதில் ஒன்பது நிழற்படக் கருவிகள். ஒன்று நேர் கீழே நோக்கும். நான்கு முன்புறமும் நான்கு பின்புறமும் 26.1, 45.6, 60, 70.5 பாகைக் கோணங்களில் நோக்கும். செயற்கைக்கோள் கடந்து செல்கையில், ஒரே மேகத்தை ஒன்பது கருவிகளும் ஏழு நிமிடங்களுக்குள் படம் பிடித்துவிடும். ஒன்பது கோணங்களிலும் வெண்மை எவ்வாறு மாறுகிறது என்பதிலிருந்து மேகத்தின் மேடுபள்ளம் புலப்படும். நம் இரு கண்களும் சேர்ந்து தொலைவை உணர்வது போல, வெவ்வேறு கோணப் படங்களை ஒப்பிட்டு மேகத்தின் உயரத்தையும் கணக்கிடலாம்.

நீரின் அளவை அறிய வேறொரு முறை உண்டு. கண்ணுக்குப் புலனாகும் ஒளியை நீர்த்துளி உட்கவர்வதில்லை என்று கண்டோம். அகச்சிவப்புக்கு அண்மையிலுள்ள சில அலைநீளங்களைச் சிறிதளவு உட்கவரும். பெரிய துளி மிகுதியாகவும் சிறிய துளி குறைவாகவும் உட்கவரும். எனவே முதல் அலைநீளத்தின் வெண்மை தடிமனையும், இரண்டாவதன் வெண்மை துளியின் பருமனையும் காட்டிவிடும். 1990-இல் நகஜிமா, கிங் ஆகிய இருவரும் செம்மைப்படுத்திய இம்முறையையே டெர்ராவிலுள்ள மோடிஸ் என்னும் கருவி கையாண்டது.

இங்கும் சீரின்மை குறுக்கிடுகிறது. மேலே கண்ட இரண்டாவது மேகம் முழுவதும் செயற்கைக்கோளின் ஒரே படப்புள்ளிக்குள் அடங்கிவிட்டது என்று கொள்வோம். அது காண்பது 45 விழுக்காடு வெண்மை. வாய்பாட்டைத் திருப்பிப் போட்டால் தடிமன் 6.4 என்று விடை வரும். உண்மையோ 10! மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நீர் கணக்கில் காணாமற் போய்விட்டது.

அப்படியானால் படப்புள்ளியை மிகச் சிறிதாக்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மேகத்தினுள் ஒளி நேர் கோட்டில் ஏறி இறங்குவதில்லை; பக்கவாட்டிலும் கசிகிறது. 30 மீட்டர் அளவுள்ள புள்ளிகளைக் காணும் லேண்ட்சாட் படங்களை ஆராய்ந்தபோது, அடுக்குத்திரள் மேகங்களில் ஏறத்தாழ 200 முதல் 300 மீட்டருக்குக் கீழ்ப்பட்ட நுண்ணிய வேறுபாடுகளை இக்கசிவு மழுக்கிவிடுவது தெரிய வந்தது. சாய்ந்த வெயிலில் வேறு தொல்லை. வார்னாய், மார்ஷக் இருவரும் 2002-இல் மோடிஸ் படங்களை ஆராய்ந்து, கதிரவனை நோக்கிய மேகச் சரிவுகள் உள்ளதை விடத் தடித்தனவாகவும், மறுபுறச் சரிவுகள் மெலிந்தனவாகவும் கணக்கில் வருவதைக் காட்டினர். படப்புள்ளி பெரிதானால் சராசரி ஏமாற்றுகிறது. சிறிதானால் அண்டை வீட்டு ஒளி ஏமாற்றுகிறது.

மொட்டை மாடியில் ஒரு சோதனை

இப்பக்கவாட்டு ஒளியைக் காண விண்கலம் தேவையில்லை. ஒரு சிறிய சூரிய மின்கலமும் ஒரு மில்லி அம்மீட்டரும் போதும். மின்கலத்தைக் கிடையாக வைத்து இணைத்தால், அதில் விழும் ஒளிக்கு ஏற்ப முள் நகரும். நம் துறையின் மொட்டை மாடியில் மதிய இடைவேளைகளில் இதனைச் செய்து பார்த்தேன். மேகம் கதிரவனை மறைத்தால் முள் இறங்கும் என்பது யாரும் எதிர்பார்ப்பதே. வியப்பு எது எனில், வெண்ணிறத் திரள் மேகம் கதிரவனை மறைக்காமல் அதன் அருகே வந்து நின்றபோது, மேகமே இல்லாத வானத்தில் காட்டியதை விட முள் மேலே ஏறியது. கதிரவனின் நேர் ஒளியோடு மேகத்தின் ஓரத்திலிருந்து சிதறிய ஒளியும் சேர்ந்து விழுந்ததே காரணம். பலகை போன்ற சமமான மேகத்தால் இதனை ஒருபோதும் செய்ய இயலாது. வெயிலை நேராகப் பார்க்காமல், நிழலையும் முள்ளையும் மட்டுமே பார்த்து இதனைச் செய்ய வேண்டும்.

இன்றைய முயற்சி

2024 மே மாதம் ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் ஜப்பானும் இணைந்து எர்த்கேர் என்னும் செயற்கைக்கோளை ஏவின. அதில் நான்கு கருவிகள். ரேடாரும் லேசர் கருவியும் மேகத்தை மேலிருந்து கீழாக அறுத்துக் காட்டுகின்றன. படக்கருவி சுற்றிலும் பரந்துள்ள மேகங்களைக் காட்டுகிறது. நான்காவது கருவி முன், நேர்கீழ், பின் என மூன்று திசைகளிலும் திரும்பி வரும் மொத்த ஒளியை அளக்கிறது. முதல் மூன்று கருவிகளின் உதவியால் மேகத்தின் முழு வடிவத்தை அமைத்து, அது எவ்வளவு ஒளியைத் திருப்ப வேண்டும் என்று கணக்கிடுகின்றனர். நான்காவது கருவி அளந்த விடையோடு அதனை ஒத்துப் பார்க்கின்றனர். சதுர மீட்டருக்கு 10 வாட்டுக்குள் இரண்டும் பொருந்த வேண்டும் என்பது குறிக்கோள். மேகத்தின் சீரின்மையை ஒரு தொல்லையாக ஒதுக்கிய காலம் போய், அதனையே அளக்க வேண்டிய பொருளாகக் கொண்ட காலம் வந்துள்ளது.

முடிவுரை

மொத்தம் எவ்வளவு என்று கேட்பதோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். எவ்வாறு பங்கிடப்பட்டிருக்கிறது என்ற கேள்வியைக் கேட்பதில்லை. ஒரு மாவட்டத்தின் சராசரி மழையளவு நிறைவாக இருக்கலாம். அதே ஆண்டில் அதிலுள்ள ஓர் ஊரில் ஏரி வறண்டும் கிடக்கலாம். மேகம் கற்பிப்பதும் இதுவே. நீரின் மொத்த அளவை மட்டும் அறிந்தவர் மேகத்தின் வெண்மையை அறிந்தவராகார். அதன் மேட்டையும் பள்ளத்தையும் அளந்தவரே அறிவார்.

மேற்சொன்ன சோதனையின் அளவுகளை நாள், மணி, மேகத்தின் தோற்றம் ஆகியவற்றோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். ஒருவர் எடுக்கும் அளவீடு கொஞ்சமே. மழைக்காலம் முழுதும் பலர் முறை வைத்து எடுத்தால், நம் ஊர் வானத்தின் சீரின்மையைப் பற்றி நாமே ஒரு படம் வரையலாம். அடுத்த ஐப்பசிக்குள் என்னுடன் சேர விரும்பும் நண்பர்கள், எத்துறையினராயினும், மதிய இடைவேளையில் இயற்பியல் துறை மொட்டை மாடிக்கு வரலாம். மின்கலமும் மீட்டரும் அங்கே இருக்கும்.